பாசி விட்ட மூச்சு

அத்தியாயம் 7

"அந்தப் பஞ்சர் கடை ஜோக்கை அடிச்சவன் எவன்னு முதல்ல கண்டுபிடிங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

ஆராய்ச்சி நிலையத்து வராந்தாவில் அண்ணி இதைச் சொன்னதும் ரேடியோவுக்கு டீ புரை ஏறியது. கண்ணில் நீர் முட்ட இருமினான். அண்ணி பதறிப்போய் அவன் உச்சந்தலையில் தட்டினார். அதுவே ஓங்கி ஓர் அறையாக விழுந்திருந்தால் அவனுக்கு இந்த அளவு கூசியிருக்காது.

"மெதுவா குடிங்க தம்பி. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"அத்தனை பேர் முன்னால எங்க வீட்டுச் சின்னவனை ஒருத்தன் கேலி பண்ணியிருக்கான். சபையே சிரிச்சுதாம். வாட்ச்மேன் கூட அதைச் சொல்லித்தான் சிரிக்கிறான். அவனை ஒரே ஒரு தடவை நேர்ல பார்க்கணும் எனக்கு."

நேரில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரேடியோ டீக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வாய் ஓயாததால் அந்தப் பெயர் வாங்கியவன், அன்று காலையிலிருந்து எண்ணி நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

விஷயம் இதுதான். இந்த ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வருடா வருடம் கப்பலேறி உலகத்தின் உச்சிக்குப் போவார்கள். பனிக்கடலுக்கு மேலே இருக்கும் காற்றை இரும்புக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் காற்றில் துளித்துளியாக என்னென்ன வாயு கலந்திருக்கிறது, அதைக் கடல் விட்டதா, பனி விட்டதா, பாசி விட்டதா என்று மெஷினில் போட்டுப் பார்ப்பதுதான் பிழைப்பு. போன தடவை கொண்டுவந்த ஒரே ஒரு குப்பியில் ஐசோப்ரீன் என்ற வாயு அளவுக்கு மீறி இருந்தது. இயக்குநர் குதித்தார். 'பனி ஓரத்துப் பாசி மூச்சு விடுகிறது' என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். மாலை, மேடை, பேட்டி. பிறகு வேறொரு நாட்டுக் கப்பல் அதே இடத்துக்குப் போய் மோப்பம் பிடித்துவிட்டு, அங்கே ஒரு மண்ணும் இல்லை என்று கையை விரித்தது. இயக்குநர் முகத்தில் கரி. தன் முகத்துக் கரியைத் துடைக்க அவருக்கு இன்னொருவர் முகம் தேவைப்பட்டது. குப்பியை நிரப்பியவர் சீனியர். ஆபீஸில் சீனியர், வீட்டில் சின்னவன். அவர்தான் எதையோ குப்பிக்குள் விட்டு ஏமாற்றிவிட்டார் என்று இயக்குநர் முடிவு கட்டினார்.

சீனியரின் அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. அந்த அண்ணன் மனைவிதான் இந்த அண்ணி. கணக்கு டீச்சர். 'எங்க சின்னவன் ஏமாத்த மாட்டான். அதை நிரூபிச்சுக் கொடுங்க' என்று துப்பறியும் பாஸைத் தேடி வந்தவர். அதாவது, பாஸும் அவர் உதவியாள் ரேடியோவும் சீனியரைக் காப்பாற்ற வந்தவர்கள்.

காப்பாற்ற வந்த லட்சணம் நேற்றுத் தெரிந்துபோனது. எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு இயக்குநர் சீனியரை விளக்கம் கேட்டார். சீனியர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசி வரிசையில் ரேடியோ. ஐசோப்ரீன்தான் ரப்பருக்கே மூலம் என்று அவனுக்கு அப்போதுதான் யாரோ சொல்லியிருந்தார்கள். சீனியர் சைக்கிளில் வருகிறவர், அவர் மேஜை டிராயரில் டியூபும் ஒட்டுப் பசையும் கிடப்பதை அவன் முந்தின நாளே பார்த்திருந்தான். இரண்டும் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதியதும் வாய் அரித்தது. "சார், இது பாசி விட்ட மூச்சு இல்ல. பஞ்சர் கடைக் காத்து!" என்று கத்தினான். சபை குலுங்கிச் சிரித்தது. ரேடியோ எழுந்து நின்று கும்பிடு போடாத குறை. சிரிப்பு அடங்குவதற்குள் இயக்குநர் ஆள் அனுப்பி டிராயரைத் திறந்து டியூபை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டார். இன்று மதியம் கமிட்டி. சீனியரை வீட்டுக்கு அனுப்பும் கமிட்டி.

அதற்கப்புறம் பாஸ் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ரேடியோ, எழுந்திரு" என்று உள்ளேயிருந்து பாஸ் கூப்பிட்டார். பாஸ் என்றால் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்தே கண்ணாடி பவர் ஏறிப்போனவர். "உன் மூச்சு கொஞ்சம் வேணும். வா."

சோதனைக்கூடத்தில் கொதிக்கிற கெட்டிலின் சத்தம் போல மெஷின் ஒன்று ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. அதை ஓட்டும் விஞ்ஞானிக்கு ரேடியோ முதல் நாளே 'மெஷின் மேடம்' என்று பெயர் வைத்திருந்தான். அவரும் அதே கப்பலில் போய் வந்தவர். இன்று அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேடியோவுக்கு அந்தத் திருப்பல் சுருக்கென்று தைத்தது, நியாயமாகவும் பட்டது.

"மேடம், பனிக்கடல்ல ஆள் இல்ல, வண்டி இல்ல, அடுப்பு இல்ல. வாயு மட்டும் எங்கேருந்து வருது?" என்று பாஸ் கேட்டார்.

"எல்லாமே வாயு விடும்ங்க. கடல் வாசனைன்னு சொல்றோமே, அதுவே பாசி விடற கந்தக வாயுதான். பறவைக் கூட்டம் முட்டையிடற இடத்துல எச்சத்துலேருந்து அமோனியா. ஐசோப்ரீனும் பாசி விடறதுதான், ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதனாலதான் அந்தக் குப்பி எல்லாருக்கும் அதிர்ச்சி."

"அந்தக் குப்பியைப் பார்த்து சீனியர் என்ன சொன்னார்?"

மெஷின் மேடம் தயங்கினார். "அதை மட்டும் கணக்குல சேர்க்காதீங்கன்னு சொன்னார். ஏன்னு இயக்குநர் கேட்டார். பதில் சொல்லல. இயக்குநர் சேர்த்துட்டார்."

பாஸ் ரேடியோ பக்கம் திரும்பினார். "கள்ள நோட்டு அடிக்கிறவன், இந்த நோட்டை யாரும் வாங்காதீங்கன்னு கடைத்தெருவுல நின்னு சொல்வானா?"

"சொல்ல மாட்டான் பாஸ்."

"நேத்து இதை யோசிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான் திட்டு. ரேடியோ தரையைப் பார்த்தான். தரை நன்றாகத்தான் பெருக்கியிருந்தார்கள்.

"இப்ப காலிக் குப்பி ஒண்ணு இவன் கையில கொடுங்க. கப்பல்ல எப்படிப் பிடிப்பீங்களோ அப்படிப் பிடிக்கச் சொல்லுங்க."

மெஷின் மேடம் சொல்லச் சொல்ல ரேடியோ செய்தான். கப்பலின் முன்முனைக்குப் போக வேண்டும். எதிர்க்காற்று முகத்தில் அடிக்க நிற்க வேண்டும். குப்பியைத் தலைக்கு மேலே முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு குப்பியின் மூடித் திருகைத் திறக்க வேண்டும். காற்று உறிஞ்சி முடித்ததும் மூடிவிட்டுப் பின்னால் நகர்ந்துதான் மூச்சு விட வேண்டும். ஒருவர் அங்கே நிற்கும்போது வேறு யாரும் முன்பக்கம் தலை காட்டக் கூடாது. அது சீனியர் போட்ட சட்டம்.

"எவ்ளோ நேரம் அடக்கணும்?" என்று ரேடியோ கேட்டான்.

"பேசிட்டீங்க. குப்பி போச்சு."

"சாரி. அடுத்த குப்பி கொடுங்க."

"மறுபடி பேசிட்டீங்க."

பாஸ் சிரிக்கவில்லை. "மேடம், மனுஷ மூச்சுல ஐசோப்ரீன் உண்டா?"

சீறுகிற மெஷினை விட்டு மெஷின் மேடம் சட்டென்று திரும்பினார். "உண்டுங்க. பாசி விடறதோட பார்த்தா எக்கச்சக்கம். ஒரு மூச்சு உள்ளே போனாலே போதும்... ஆனா சீனியர் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவர். அவர் மூச்சு போகாதுங்க. கையை நீட்டிப் பிடிச்சு எதிர்க்காத்துல நின்னா, தப்பித் தவறி விட்ட மூச்சு கூடப் பின்னாலதான் போகும்."

"கையை நீட்டாம, எதிர்க்காத்துல நிக்காம, கைப்பிடிச் சுவருக்குக் கீழே குத்தவச்சு உட்கார்ந்து, குப்பியை மடியில வச்சுக்கிட்டுத் திறந்தா?"

"அப்படி யார் திறப்பாங்க?"

"அது அப்புறம். மூச்சுன்னா கூடவே கரியமில வாயுவும் ஏறியிருக்கணுமே. பார்த்தீங்களா?"

மெஷின் மேடத்தின் காது சிவந்தது. "அந்த மெஷின் பக்கத்து ரூம்ல இருக்கு. அது வேற பிரிவு. இயக்குநருக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால நாங்க..."

"குப்பியில மீதிக் காத்து இருக்கா?"

"இருக்கு."

அவர் குப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார். ஒரு சுவர் தாண்டினால் வெளிச்சமாகியிருக்கும் சங்கதி. அதற்கு ஒரு மனிதரின் மானம் போக வேண்டியிருந்தது, இரண்டு அறைகளும் முகம் கொடுத்துப் பேசாததால். ரேடியோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் மேடம் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. மூச்சேதான்."

"பாஸ்!" ரேடியோ துள்ளினான். "முடிஞ்சுது! ரப்பரும் இல்ல, மோசடியும் இல்ல. நான் போய் அண்ணிகிட்ட..."

"உட்காரு. பழம் தின்னு கொட்டை போட்ட ஆள் எதுக்குக் குப்பியை மடியில வச்சுத் திறந்தார்? மூச்சை அடக்க முடியாதவங்க மூணு பேர்தான். சிரிக்கிறவன், இருமுறவன், அழறவன்." பாஸ் மெஷின் மேடத்திடம் திரும்பினார். "அன்னைக்குக் கப்பல்ல என்ன நடந்துச்சு?"

"அன்னைக்கா? ஹெலிகாப்டர் வந்த நாளுங்க அது. சமையல்காரருக்குக் கால் முறிஞ்சிருந்தது, கூட்டிட்டுப் போக வந்தாங்க. காலையில கேப்டன் சீனியரைத் தனியா கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னன்னு தெரியாது. ஹெலிகாப்டர் போனதும் இவர் குப்பியோட முன்பக்கம் போயிட்டார். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தார்."

"எந்த மாசம், என்ன தேதி?"

சொன்னார். ரேடியோவின் துள்ளல் அடங்கியது. அண்ணன் இறந்த நாளும் அதுவே; அண்ணி அவர்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். கப்பலுக்குத் தொடர்பு கிடைக்காமல் சின்னவனுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் சேதி எட்டியதாம். சொல்லும்போது அவர் குரலில் பரிதாபம் இருந்ததே தவிர ஒரு துளி குறை இருக்கவில்லை.

"பாஸ்... சேதி அன்னைக்கே..."

"ம்."

சீனியர் சாமான் அறையில் இருந்தார். காலிக் குப்பிகள் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே, தன் கம்பளித் தொப்பியையும் கையுறையையும் ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். கமிட்டி கூடுவதற்கு முன்பே கிளம்பத் தயாராகிவிட்ட மனிதர். ரேடியோவைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சார், நேத்து நான் பேசினது..."

"விடுங்க தம்பி. நல்ல ஜோக்தான்."

பாஸ் சுற்றி வளைக்கவில்லை. "கேப்டன் சேதி சொன்னப்ப ஹெலிகாப்டர்ல இடம் இருந்துச்சா?"

பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

"இருந்துச்சு" என்றார் சீனியர். "அண்ணன் போயிட்டார், கிளம்புங்கன்னார் கேப்டன். பனி விலகி எங்களுக்கு வழி கிடைச்சது அந்த வாரம்தான். எத்தனையோ வருஷமா காத்திருந்த வழி. நான் வரலன்னுட்டேன். யோசிக்கவே இல்ல. ஹெலிகாப்டர் சத்தம் அடங்கினப்புறம்தான் என்ன சொன்னேன்னே எனக்கு உறைச்சது." அவர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "கப்பல்ல தனியா அழ வேற இடம் ஏதுங்க? முன்முனையில நான் இருந்தா ஒருத்தரும் வர மாட்டாங்க. உட்கார்ந்து அழுதேன். நேரமானதும் கை தானா திருகைத் திறந்துடுச்சு. பழக்கம். அப்பாவுக்கு அப்புறம் என்னைப் படிக்க வச்சதே அண்ணன்தான். அண்ணிகிட்ட என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு, வர முடிஞ்சும் வரலன்னு சொல்றது? ரெண்டு வாரம் கழிச்சு போன் போட்டேன். இப்பத்தான் சேதி வந்துச்சுன்னேன்."

"அதுக்காக மோசடிக்காரன்ங்கற பேரை வாங்கிக்கிட்டுப் போகப் போறீங்களா?"

"போகட்டும். ஆபீஸ்ல மானம் போனா இன்னொரு ஆபீஸ். அண்ணி கண்ணுல போச்சுன்னா எனக்குப் போறதுக்கு வீடு ஏது?"

நேற்றுப் பண்ணியதற்குப் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல ரேடியோவுக்குப் பட்டது. "இருமல்னு சொல்லிடலாமே சார்! குளிர்ல இருமல் வந்துச்சு, உட்கார்ந்துட்டேன், மூச்சு போயிடுச்சு. மெஷினுக்கு மூச்சுதான் தெரியும், அழுகையா இருமலான்னு தெரியுமா?"

சீனியர் நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. பாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் கண்டுபிடிச்சது மூச்சு வரைக்கும்தான். மீதி உங்க இஷ்டம்" என்று கதவைத் திறந்தார்.

கமிட்டி அறையில் நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், வரிசையாக முகங்கள். ஓரத்து நாற்காலியில் அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாஸ் குப்பியையும் கரியமில வாயுவையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். மெஷின் மேடம் ஆமாம் போட்டார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

ரேடியோ எழுந்தான். "நேத்து பஞ்சர் கடைன்னு கத்தினவன் நான்தான். எனக்கு எதுவும் தெரியாது. சிரிப்பு வரும்னு மட்டும் தெரிஞ்சுது, சொல்லிட்டேன். தப்பு." அண்ணி இருந்த பக்கம் திரும்பினான். "மன்னிச்சிடுங்கம்மா."

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் அவன் தலையில் தட்டிய கை கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. ரேடியோ உட்காரவும் தோன்றாமல் சுவரோரம் போய் நின்றான்.

"சரி, மூச்சுன்னே வச்சுக்குவோம்" என்றார் இயக்குநர். "இத்தனை அனுபவம் உள்ளவர் மூச்சு எப்படி உள்ளே போச்சு? வேணும்னே ஊதியிருக்கலாமே?"

சீனியர் தொண்டையைச் செருமினார். "இருமல்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்." அண்ணி எழுந்துவிட்டார். "வேணும்னேன்னு சொல்றீங்களே, இவனைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? பொய் சொன்னா இவனுக்கு நாக்கு குழறும். எங்க வீட்டுக்காரர் போனப்ப இவன் கடல்ல இருந்தான். சேதி லேட்டா கிடைச்சு ரெண்டு வாரம் கழிச்சு போன்ல என்கிட்ட பேசினான். முதல்லயே தெரிஞ்சிருந்தா நீந்தியாவது வந்திருப்பேன் அண்ணின்னு சொல்லிச் சொல்லி அழுதான். அப்படிப்பட்டவனைப் போய் மோசடிக்காரன்னு..."

"அண்ணி, போதும்."

"நீ சும்மா இரு. இவங்களுக்கு உன்னைப் பத்தித் தெரியணும்."

"போதும் அண்ணி." சீனியர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "இருமல் இல்ல. அழுதேன். சேதி அன்னைக்கே வந்துடுச்சு."

அறையில் யாரோ தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார். கணக்கு டீச்சர். எதை எதோடு கூட்டினால் என்ன வரும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டார்.

"வந்திருக்க முடியுமா?"

"ஹெலிகாப்டர்ல இடம் இருந்துச்சு. நான்தான் வரலன்னு சொன்னேன்."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான். நேற்று அவன் ஒரு மனிதரைப் பொய்யாக அவமானப்படுத்தியிருந்தான். இன்று அதே மனிதர் தன்னைத்தானே, ஒரு எழுத்து பொய்யில்லாமல், எல்லோர் முன்பும் உரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டையும் பார்த்த பாவம் அவனுக்கு.

இயக்குநர் மெதுவாக, "உங்க மேல குற்றம் இல்ல. கமிட்டி இதோட கலையுது" என்றார். அந்த வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை, முக்கியமாகச் சீனியர்.

"உனக்காக அவரை ரெண்டு நாள் வச்சிருந்தோம்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "தூக்கிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. சித்தப்பா வந்துடுவார், சித்தப்பா வந்துடுவார்னு என் பெரிய பையன் வாசலை விட்டு நகரவே இல்ல."

சீனியர் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது.

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பாஸிடம் வந்து, "நான் கேட்டதை நிரூபிச்சுக் கொடுத்துட்டீங்க" என்றார். பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ரேடியோ அவரிடம் இப்படி ஒரு குனிவை இதுவரை பார்த்ததில்லை.

கதவு வரைக்கும் போன அண்ணி நின்றார். திரும்பவில்லை.

"வீட்டுக்கு வா. பசங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

சீனியர் பையை எடுத்துக்கொண்டு, அண்ணிக்கு நாலடி பின்னால், நடந்து போனார்.